ஊட்டி, குன்னூர்ப் பக்கம் மின்சாரக் காரை மாற்றுமுன் போட வேண்டிய கணக்கு

2020 ஜனவரியில் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் இவி மின்சாரக் காரை வாங்கியவர்களுக்கு இப்போது ஷோரூமிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. “பழையதைக் கொடுத்துட்டு 45 எடுத்துக்குங்க சார், எக்ஸ்சேஞ்ச் போனஸும் போட்டுத் தர்றோம்.” பழையதில் பேட்டரி 30.2 கிலோவாட் மணி, சான்றிதழ்ப்படி 312 கிலோமீட்டர். புதியதில் 45, சான்றிதழ்ப்படி 489. தாளில் பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டும் ஆய்வகத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண்கள். அந்த உருளைக்கு இந்த மலைப்பாதையின் பர்லியாறும் தெரியாது, காட்டேரியும் தெரியாது.

பேட்டரியின் கிலோவாட் மணியும் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். அதனால் இனி எல்லாவற்றையும் யூனிட்டிலேயே சொல்கிறோம். மலையில் கிலோமீட்டரை விட்டுவிட்டு யூனிட்டில் யோசிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. இடையே 1,915 மீட்டர் ஏற்றம். 1,400 கிலோ வண்டியில் ஆட்களும் சாமானும் 200 கிலோ என்றால், அந்த 1,600 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8.3 யூனிட் வேண்டும். குன்னூர் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடும்போது டயரும் காற்றும் இன்னொரு 3 யூனிட் வாங்கிக்கொள்ளும். மோட்டாரிலும் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் சூடாகப் போவதைச் சேர்த்தால் 13 யூனிட். பனிமூட்டத்தில் கண்ணாடி தெளிய ஏசியும் ஹீட்டரும் ஓடினால் 14 வரை போகும். தோராயக் கணக்கு வேண்டுமென்றால், இந்த எடை வண்டிக்கு 100 மீட்டர் ஏற்றத்துக்கு அரை யூனிட்; அதன்மேல் சாலையின் தூரத்துக்கு ஆவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரம் மீட்கும். ஆனால் அந்த 8.3 முழுதும் திரும்பாது. டயருக்கும் காற்றுக்கும் 3 போக, மீதி ஐந்து சொச்சத்தில் முக்கால் பங்குதான் பேட்டரிக்குள் போகும். விளக்கு, வைப்பர் செலவைக் கழித்தால் மேட்டுப்பாளையத்தில் மூன்றரை யூனிட் கூடியிருக்கும். 30.2 பேட்டரியில் அது 12 சதவீதத்தை ஒட்டி வரும்.

இப்போது கோவை போய் வருவதைப் பாருங்கள். சில வருடம் ஓடிய 30.2 பேட்டரியில் கையில் கிடைப்பது 28 யூனிட் என்று வைப்போம். ஊட்டியில் 85 சதவீதத்தோடு கிளம்பினால் 23.8. மலையடிவாரக் கல்லாறு தாண்டும்போது மூன்றரை கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு 35 கிலோமீட்டர் சமதளம், போக நாலரை, வர நாலரை. ஊருக்குள் ஆஸ்பத்திரி, கடை என்று 25 கிலோமீட்டர் சுற்றினால் 3.2. மலையேற பதின்மூன்றரை. நிகரச் செலவு 22.2. வீடு வரும்போது மிச்சம் ஒன்றரை யூனிட், அதாவது ஐந்தாறு சதவீதம். இதை நம்பி யாரும் மலையேறக் கூடாது. பர்லியாறில் மரம் விழுந்து ஒரு மணி நேரம் நின்றாலோ, கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டாலோ கணக்கு உடைந்துவிடும். ஆகவே இந்த வண்டிக்காரர் கீழே எங்காவது 25 கிலோவாட் வேகச் சார்ஜரில் இருபது, இருபத்தைந்து நிமிடம் போட்டே ஆக வேண்டும். ஏழெட்டு யூனிட் ஏறும், அது போதும்.

45 யூனிட் வண்டியில் இதே பயணத்துக்குக் கீழே சார்ஜ் தேவையில்லை. கையில் கிடைக்கும் 43 யூனிட்டில் 85 சதவீதத்தோடு கிளம்பினாலே 36.5. வண்டியின் கூடுதல் எடைக்கு ஒன்றரை யூனிட் கழித்தாலும் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் மிச்சத்தோடு வீடு சேரலாம்.

ஆக, இந்த எக்ஸ்சேஞ்சில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த இருபத்தைந்து நிமிடத்தை. மாதம் இருமுறை கீழே போகிறவருக்கு வருடத்துக்குப் பத்து மணி நேரம். அதுவும் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்திலேயே முடிந்துவிடுவது. பழையதைக் கொடுத்தபின் கைக்காசு ஏழெட்டு லட்சம் போட வேண்டியிருந்தால், எங்கள் பார்வையில் அது அந்த விலைக்குத் தகாத பத்து மணி நேரம். வாரம் இருமுறை டயாலிசிஸுக்கோ விமான நிலையத்துக்கோ ஓடுகிறவர், சீசனில் மேட்டுப்பாளையம் சார்ஜரில் வரிசை நிற்கும்போதும் இறங்கியே ஆக வேண்டியவர் ஆகியோருக்கு மாற்றுவது சரி. ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு 30 யூனிட்டே அதிகம்.

பெரிய பேட்டரி, பெரிய வண்டியோடு சேர்ந்து வருவதையும் கவனிக்க வேண்டும். 400 கிலோ கூடுதல் எடை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏற மூன்று யூனிட் கூடுதலாகக் கேட்கும். இறங்கும்போது அதில் ஒரு யூனிட் அளவுதான் திரும்பும். 59 யூனிட், 79 யூனிட் என்று வரும் எஸ்யூவிகளைப் பார்க்கும்போது பேட்டரி இரட்டிப்பானால் பயணமும் இரட்டிப்பாகும் என்று மலையில் எண்ண வேண்டாம்.

மாற்ற நினைக்க வைக்கும் பொய்க் காரணங்கள்

வண்டியை விற்கக் கிளம்புகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றே: “பேட்டரி போச்சு. 22 சதவீதம் காட்டுச்சு, ஏத்தத்துல திடீர்னு 9 ஆயிடுச்சு.” இது பெரும்பாலும் பேட்டரி கெட்டதன் அடையாளம் இல்லை, அளவு தப்பியதன் அடையாளம். நெக்ஸான் இவியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை செல். இந்த வகையில் 20 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தை அறிய முடியாமல், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே வண்டி சதவீதத்தைச் சொல்கிறது. மாதக்கணக்கில் 40-க்கும் 80-க்கும் இடையிலேயே சார்ஜ் போட்டால் அந்தக் கூட்டலில் பிழை சேர்ந்துகொண்டே போகும். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வும் வளரும். சமதளத்தில் இது வெளியே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் மோட்டார் மொத்தமாகக் கரண்ட் இழுக்கும்போது, பின்தங்கிய ஒரு செல் சரியும். வண்டி அதைப் பார்த்து மொத்தச் சதவீதத்தையும் கீழே தள்ளிவிடும்.

மருந்து எளிது. 15 ஆம்பியர் ப்ளக்கில் மெதுவாக 100 வரை ஏற்றுங்கள். 100 காட்டியதும் பிடுங்காதீர்கள். தானாக நிற்கும்வரை விடுங்கள், செல்கள் சமமாவது அந்தக் கடைசி நேரத்தில்தான். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, நடுவில் 15-20 சதவீதம் வரை இறங்கவும் விட வேண்டும். பிறகு வண்டியின் தரவைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி டாங்கிளைச் செருகி, போன் செயலியில் மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த வைத்தியத்துக்குப் பிறகும் ஏற்றத்தில் ஒரே செல் மட்டும் திரும்பத் திரும்பச் சரிந்தால் அதுதான் உண்மையான பழுது. அப்போதும் செய்ய வேண்டிய முதல் வேலை வாரண்டி கோருவது, எக்ஸ்சேஞ்ச் இல்லை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. பழுதான பேட்டரியோடு கொடுத்தால் டீலர் அடிமாட்டு விலை பேசுவார். மாற்றித் தந்த பேட்டரியோடு கொடுத்தால் அதே வண்டிக்கு வேறு விலை.

கொள்ளளவை வீட்டிலேயே அளக்கலாம். மேலே சொன்னபடி அளவைச் சரிசெய்தபின் 20 சதவீதத்துக்கு இறக்கி, ப்ளக்குக்கும் சார்ஜருக்கும் இடையே யூனிட் மீட்டர் வைத்து 100 வரை ஏற்றுங்கள். மீட்டரில் வந்ததை 0.88-ஆல் பெருக்கி 0.8-ஆல் வகுத்தால் பேட்டரியின் இன்றைய அளவு. 26 யூனிட் இழுத்தால் 28.6, நல்ல பேட்டரி. 22 இழுத்தால் 24 சொச்சம், ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 88 சதவீதம் என்பது சார்ஜரில் சூடாகும் இழப்புக்கான தோராயம், வண்டிக்கு வண்டி சற்று மாறும்.

இரண்டாவது பொய்க் காரணம் பிரேக். “இறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது, புது வண்டில ரீஜென் நல்லாருக்காம்.” காலையில் 100 சதவீதத்தோடு குன்னூரிலிருந்து இறங்கினால் எந்த வண்டியிலும் ரீஜென், அதாவது மோட்டாரே பிடித்து மின்சாரம் மீட்பது, வேலை செய்யாது. மீண்டு வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. முழுச் சுமையும் பிரேக் பேடில் விழுந்து, பாதி வழியில் கருகல் வாடை வரும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை திரும்பி வருவது மூன்றரை யூனிட். 30 யூனிட் வண்டியில் 12-13 சதவீத இடம் வேண்டும், ஆகவே 85-க்கு மேல் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டாம். 45 யூனிட் வண்டியில் 90 வரை போகலாம். ஊட்டிக்காரர்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை உண்டு: குன்னூர் போவதற்குள் கொஞ்சம் குறைந்துவிடும் என்று. ஊட்டி–குன்னூர் சாலை இறங்குவதும் ஏறுவதுமாகப் போகிறது. நூறில் கிளம்பினால் குன்னூரில் 98, 99தான் காட்டும்.

எல்எஃப்பிக்கு அவ்வப்போது 100 ஏற்ற வேண்டும், இறங்குமுன் ஏற்றக் கூடாது. இரண்டும் முரண் போலத் தெரியும். மறுநாள் முதல் பயணம் ஏற்றமாக இருக்கும் இரவில் முழுதாக ஏற்றினால் போதும். குன்னூர்க்காரருக்கு ஊட்டி போகும் நாள் அதற்குத் தோது.

இன்னொன்று, 2020 நெக்ஸானில் ரீஜென் அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை என்பதற்காக மாற்ற நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜூலையில் நெக்ஸான் இவி பிரைம் வந்தபோது அந்த வசதியைப் பழைய வண்டிகளுக்கும் மென்பொருள் புதுப்பிப்பாகக் கொடுத்தார்கள். உங்கள் வண்டியில் அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸில் கேளுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ரேஞ்ச் குறைவதும் ரீஜென் மந்தமாவதும் குளிர்ந்த செல்லின் இயல்பு. உறைபனி விழும் பள்ளத்தில் திறந்தவெளியில் நிற்கும் வண்டி காலையில் கரண்டை வாங்கவே தயங்கும். வீடு திரும்பியதும் பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போதே ப்ளக் போடுவது நல்லது. புது வண்டியிலும் எல்எஃப்பி இருந்தால் இதே கதைதான்.

வண்டியில் இல்லாத பழுது

எஸ்டேட் ஓரத்து வீடுகளில் சார்ஜர் சிவப்பு விளக்கு எரிவதும் பாதியில் நிற்பதும் வண்டிக் குறையாகவே பேசப்படுகிறது. மல்டிமீட்டரை எடுத்து முதலில் சார்ஜ் போடாமல் ப்ளக்கில் வோல்டேஜ் பாருங்கள், பிறகு சார்ஜ் ஓடும்போது பாருங்கள். 225 இருந்தது 200-க்குக் கீழே போனால், அதே சமயம் இபி மீட்டரிலும் அளந்து ஒப்பிட வேண்டும். மீட்டரில் சரியாக இருந்து ப்ளக்கில் மட்டும் பத்து வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் உங்கள் வயரிங்தான் குறை. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் ஏழெட்டு மணி நேரம் 15 ஆம்பியர் ஓட்டினால் சூடாகும். மீட்டரிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது) என்று இழுத்துவிடுங்கள். மீட்டரிலேயே விழுந்தால் அது லைன் பிரச்சினை. இபி ஆபீஸில் எழுதிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை, புது வண்டி வாங்கினாலும் தீராது.

எர்த் அதைவிடப் பெரிய தொல்லை. மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடும் சார்ஜர் பிப்ரவரி, மார்ச்சில் எர்த் பிழை காட்டினால், மண் காய்ந்து எர்த் குழி செத்துவிட்டது என்று பொருள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகப்படுங்கள். பாறை தட்டும் இடத்தில் ஒரே கம்பியை ஆழமாக இறக்கப் போராடுவதைவிட, செம்பு பூசிய மூன்று மீட்டர்க் கம்பிகள் இரண்டை மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி இறக்கி, சுற்றிலும் ஈரம் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் நிரப்பி, இரண்டையும் இணைப்பது பலன் தரும்.

பெரிய பேட்டரிக்குப் போகிறவர் இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 45 யூனிட் பேட்டரியைப் பத்திலிருந்து நூறுக்கு 15 ஆம்பியர் ப்ளக்கில் ஏற்ற 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால் 32 ஆம்பியர் லைன், 6 ஸ்கொயர் வயர் (தூரம் அதிகமென்றால் 10), 40 ஆம்பியர் எம்சிபி, வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த விண்ணப்பம். இந்தச் செலவு ஷோரூம் கொட்டேஷனில் முழுதாக இருக்காது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டணத்தின் கீழ்ப்படிகளும் சேர்ந்து உயர்வதையும் மறக்க வேண்டாம்.

எதற்கு மாற்றுவது

ரேஞ்சைத் தவிர மலைக்காரர் மாற்றுவதற்கு ஒரு நல்ல காரணம் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது. நெக்ஸான், பஞ்ச், விண்ட்சர், கிரெட்டா எலெக்ட்ரிக் எல்லாம் முன்சக்கரம். ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். முன்சக்கரம் லேசாகிவிடும். பாசி பிடித்த எஸ்டேட் சிமென்ட் ரோட்டில் மின்மோட்டாரின் உடனடி இழுவையும் சேர்ந்தால் டயர் சுழலும், வண்டி ஏறாது. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ பின்சக்கரத்தில் இழுப்பவை. டாடா ஹாரியர் இவியில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை உண்டு. வீட்டுக்குப் போகும் கடைசி இருநூறு மீட்டர் செங்குத்தானால் பேட்டரி அளவைவிட இது முக்கியம். ஆனால் அதற்கு முன்னால், தேய்ந்த முன் டயர் இரண்டையும் மாற்றி அதே ரோட்டில் ஏற்றிப் பாருங்கள். மலையில் முன் டயர் சீக்கிரம் தேயும், பாதிப் புகார் அதோடு போய்விடும்.

நீளம் இன்னொன்று. நெக்ஸானின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,498 மில்லிமீட்டர்; விண்ட்சரில் 2,700; பிஇ 6-ல் 2,775. கல்லட்டியின் 36 வளைவில் பழக்கப்பட்டவருக்கு இந்த வித்தியாசம் ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே தெரியும்.

டெஸ்ட் டிரைவை கோவை அவினாசி ரோட்டில் முடித்துக்கொள்ளாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை கேளுங்கள். 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,470 மீட்டர் ஏற்றம். 45 யூனிட் வண்டி அதில் 22 முதல் 25 சதவீதத்துக்குள் எடுக்க வேண்டும். 30-ஐத் தொட்டால் டயர் காற்றையும் டிரைவ் மோடையும் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஏற்றத்தில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், ஈரத்தில் முடிந்தால் இன்னும் நல்லது.

விற்பது

டீலர் “மலை வண்டி” என்று சொல்லியே விலையைக் குறைப்பார். பெட்ரோல் வண்டியில் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும் என்பதற்காக வந்த வழக்கம் அது. மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது, ரீஜென் இருப்பதால் பேடும் நீடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, லித்தியம் பேட்டரியை வயதாக்குவது வெயில். திருப்பூர் வெயிலில் நின்ற பேட்டரியைவிட ஊட்டிக் குளிரில் நின்றது மெதுவாகவே தேயும். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் வாங்கி, கோவையில் நேரடியாக விற்கப் பாருங்கள். தனியாள் விற்றால் ஜிஎஸ்டி இல்லை. டீலர் வாங்கி விற்றால் அவர் லாபத்துக்கு 18 சதவீதம் உண்டு. 2024 டிசம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் அது 12-லிருந்து ஏற்றப்பட்டது. அவர் கேட்கும் விலையில் அதுவும் ஒளிந்திருக்கும்.

விலை பேசுமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் கல் தட்டிய நசுங்கல் இருந்தால் வாரண்டி கேள்விக்குள்ளாகும், வாங்குகிறவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார். ஆரஞ்சு நிற ஒயர்களை எலி கடித்திருக்கிறதா, மூடுபனி ஈரத்தில் பிரேக் டிஸ்க் துருப்பிடித்துக் காலிபர் பின் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இவை இங்கே சகஜம்.

டீலரிடம் எக்ஸ்சேஞ்ச் விலையையும் எக்ஸ்சேஞ்ச் போனஸையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒன்றில் கூட்டி மற்றதில் குறைப்பார்கள். கடைசியில் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடனில் இப்போதைய மின்சார வண்டியை வாங்கி, பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு. அந்தக் கடனை அடைத்துப் புதுக் கடன் எடுத்தால் அது திரும்ப வராது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், ரிட்டர்னில் ஈடுகட்டிக்கொள்ளலாம். மாநில அரசின் சாலை வரி விலக்கு பதிவு நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது இல்லை. சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் புது வண்டிக்குப் போடலாம். சுவர் சார்ஜரும் அப்படியே. டைப் 2 பிளக் புது வண்டிக்கும் பொருந்தும் என்பதால் விலையில் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். 15 ஆம்பியர் கையடக்கச் சார்ஜரை மட்டும் வண்டியோடு கொடுக்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. போன் செயலியில் உங்கள் கணக்கை நீக்கி, ஃபாஸ்டேக்கை மூடி, பரிவாகன் தளத்தில் ஆர்சி புதியவர் பெயருக்கு மாறியதைப் பார்த்த பிறகே பழைய இன்ஷூரன்ஸ் தாளைக் கிழியுங்கள்.